லைட் ஏற்றினால் பவளம் பழுப்பாகிறது, என்ன செய்வது?

பெரம்பூர் தொட்டி:
இரண்டடி கடல்நீர் தொட்டி. சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் என்கிற பவள வகைகள் இருக்கின்றன. எல்இடியில் வெள்ளையை ஏற்றினால் நன்றாக வளர்கிற மாதிரி தெரிகிறது ஆனால் நிறம் பழுப்படிக்கிறது, நீலம் மட்டும் விட்டால் பளபளப்பு, வளர்ச்சி மந்தம். எப்படி வைக்கலாம் அண்ணா?

கொளத்தூர் மீன்பிரியன்:
லைட்டை மட்டும் குறை சொல்லாதீங்க தம்பி. பவளத்துக்குள் வாழும் பாசி பெருகினால் பழுப்பு வரும். நைட்ரேட், பாஸ்பேட் ஏறினாலும் அது பெருகும், வெளிச்சம் போதாமல் போனாலும் பெருகும். முதலில் தண்ணீரை டெஸ்ட் பண்ணுங்க. 450 நானோமீட்டர் பக்கத்து நீலம் அந்தப் பாசிக்கு நன்றாகவே பயன்படும், அதனால் நீலம் தூக்கலாக, வெள்ளை கொஞ்சமாக, 8 மணி நேரம் போதும். இந்த மூன்று பவளத்துக்கும் பார் அளவு (பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) 50 முதல் 150.

ராயபுரம் ரீஃப்:
லைட்டை ஏற்றுவதை மெதுவாக, வாரக்கணக்கில் செய்யுங்க. வெளுத்தால் உடனே குறைக்கணும். நம்ம ஊர் மே மாத வெயிலில் தொட்டி 30 டிகிரி தாண்டினாலும் வெளுக்கும், அதற்கு ஃபேன்தான் மருந்து.

பெரம்பூர் தொட்டி:
சரி, ஞாயிறு கொளத்தூர் வந்து தண்ணீர் டெஸ்ட் கிட் வாங்குகிறேன். அக்ரோபோரா கிடைக்குமா?

கொளத்தூர் மீன்பிரியன்:
கல் பவளமா? வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டது. கேட்கவே கேட்காதீங்க.