லைவ் ராக்கோடு வந்து இறங்கியவை: உங்கள் தொட்டியில் என்னென்ன வந்தது?

ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்துச் சில வாரம்தான் ஆகிறது. மணல்மேல் பழுப்புப் படலம் வந்திருக்கிறது. அது டயட்டம் பாசி, புதுத் தொட்டியில் வரும், சிலிகேட் குறைந்ததும் தானாகப் போகும் என்று தெரியும். என் சந்தேகம் லைவ் ராக்கிலிருந்து (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை) வெளியே வருகிறவற்றைப் பற்றி. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு டார்ச் அடித்துப் பார்க்கிறேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் எல்லாம் இடுக்குக்குள் ஓடிவிடுகின்றன. இளஞ்சிவப்பாக, இரண்டு பக்கமும் வெள்ளை மயிர் வைத்த புழுக்கள் பாறை ஓட்டைகளிலிருந்து நீள்கின்றன. கண்ணாடியில் நகக்கண் அளவுக்கு நட்சத்திரமீன்கள். ஒரு பாறை உச்சியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கைகளை விரித்த ஒரு பூ, பார்க்க அழகாகவே இருக்கிறது. எதைப் பிடித்துப் போடுவது, எதை விடுவது?

* * *

புழுவை விட்டுவிடுங்கள். பிரிசில் புழு மிச்சத் தீனியையும் செத்ததையும் தின்று மணலைச் சுத்தமாக வைக்கும். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், மயிர் குத்தினால் நன்றாகவே எரியும். நட்சத்திரம் ஆஸ்டிரினாவாக இருக்கும். பெரும்பாலும் பாசிதான் மேயும். சோவாந்திட் (கூட்டமாகப் பூப்போல விரியும் பவள வகை உயிர்) மேலேயே உட்கார்ந்திருக்கிறதென்றால் அப்போது எடுத்துவிடலாம்.

நீங்கள் அழகு என்கிற அந்தப் பூதான் வில்லன். ஐப்டேசியா என்கிற கடல் அனிமோன். பக்கத்துப் பவளத்தைக் கொட்டும், கிளைத்துக்கொண்டே போகும். கத்தியால் சுரண்டிவிடலாம் என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். கூடாது! அடிப்பாகத்தில் ஒரு துணுக்கு மிஞ்சினாலே அது தனி ஆளாக வளர்ந்துவிடும். எனக்குச் சரிப்பட்டது கால்சியம் ஹைட்ராக்சைடு பொடிதான். அதைக் கெட்டியாகக் குழைத்து சிரிஞ்சில் எடுத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, அதன் வாய்மேல் மெதுவாக விடுவேன். சட்டென்று விட்டால் சுருங்கி உள்ளே போய்விடும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டாம், தண்ணீரின் பி.ஹெச். ஏறும்.

பாறை முழுக்கப் பரவிவிட்டால் சிரிஞ்ச் பத்தாது. பெப்பர்மின்ட் இறால் தின்னும், ஆனால் எல்லா இறாலும் தின்னும் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது முதுகைப் பாருங்கள்: கூன் விழுந்து, சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்தால் அது கேமல் இறால், உங்கள் சோவாந்திட்டைத்தான் மேயும். இன்னொரு வழி பெர்கியா என்கிற, ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தொடாது. அதனால்தான் வேலை முடிந்ததும் பட்டினியில் செத்தும் போகும். முடியும் தறுவாயில் எடுத்துத் தேவைப்படுகிற அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

* * *

எங்க தொட்டியில வந்தது சத்தம்! ராத்திரியானா 'டிக்... டிக்'. முதல்ல கண்ணாடி விரிசல் விடுதோன்னு பயந்துட்டோம். இந்த மாதிரி சத்தத்துக்கு ரெண்டு பேர் காரணமா இருக்கலாம்: பிஸ்டல் இறால், இல்லன்னா மான்டிஸ் இறால். பிஸ்டல் பரவாயில்ல, கோபி மீனோட ஒரே குழியில குடித்தனம் பண்ணிட்டுப் போகும். மான்டிஸோ, நண்டு, நத்தை, சின்ன மீன்னு ஒண்ணையும் விடாது. காம்புல நிக்கிற கண்ணு ரெண்டும் தனித்தனியா திரும்பினா அது மான்டிஸ்தான்.

எங்களுது மான்டிஸ். பொறிக்குள்ள தீனி வச்சுப் பார்த்தோம், தீனி போச்சு, ஆள் வரல. அப்புறம் எந்தப் பாறையில இருக்குன்னு கண்டுபிடிச்சு, அந்தப் பாறைய மட்டும் வெளிய எடுத்தோம். தொட்டித் தண்ணியோட ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (உப்பு எவ்வளவுன்னு காட்டுற அடர்த்தி எண்) 1.025. தனி வாளியில 1.035க்கு மேல உப்பு கலந்து, கொஞ்ச நேரம் முக்கினதும் தானா வெளிய வந்து விழுந்துச்சு. கூடவே மயிர் அடர்ந்த, கொடுக்கு நுனி கறுத்த நண்டு ஒண்ணும். அதுவும் ஆகாது. மான்டிஸைக் கொல்ல மனசு வரல, இப்ப தனியா சின்னத் தொட்டியில ராஜா மாதிரி இருக்கு. உண்மையைச் சொன்னா பெரிய தொட்டியைவிட அதைத்தான் எல்லாரும் வேடிக்கை பார்க்கறாங்க.

* * *

மேலே சொன்னது பாறையை உப்புநீரில் முக்குவது. வெந்நீரில் போடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: லைவ் ராக்கை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். அதில் சோவாந்திட் வகையான பாலித்தோவா ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்கிற கொடிய விஷம் ஆவியோடு வந்து மூச்சில் ஏறும். வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. அதேபோல், தாமிரம் கலந்த மீன் மருந்தை ரீஃப் தொட்டியில் ஊற்றிப் பூச்சியை ஒழிக்க நினைக்காதீர்கள். இறால், நத்தை, பவளம் எல்லாம் சேர்ந்து போகும், பாறையிலும் தாமிரம் தங்கிவிடும்.

* * *

பாறையைப் பற்றியே பேசுகிறோம், பவளத் துண்டோடு வருவதையும் பாருங்கள். எனக்குச் சிவப்புத் தட்டைப்புழு அப்படித்தான் வந்தது. புதுத் துண்டு எதுவானாலும் டிப் மருந்தில் (பூச்சி கொல்லும் கரைசல்) முக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவேன், அது ஒட்டியிருக்கும் பிளக் என்கிற சின்ன அடிக்கட்டையையும் கழற்றிவிடுவேன். டிப்பில் புழு சாகும், முட்டை சாகாது. ஆகவே தனித் தொட்டியில் வைத்து, இடைவெளி விட்டு மறுபடியும் டிப் செய்வதுதான் சரி.

தட்டைப்புழு பெருகிவிட்ட தொட்டியில் உடனே மருந்து ஊற்றுவதுதான் ஆபத்து. மொத்தமாகச் சாகும்போது உடம்பிலிருக்கும் விஷம் தண்ணீரில் கலந்து மீனையும் கொல்லும். முதலில் மெல்லிய குழாய் வைத்து முடிந்தமட்டும் உறிஞ்சி எடுங்கள். அப்புறம்தான் மருந்து. போடும்போதே விஷத்தை உறிஞ்சப் புது ஆக்டிவேட்டட் கார்பனும் (வடிகட்டிக் கரி), மாற்றுவதற்கு உப்பு கலந்த தண்ணீரும் பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.