‘கடலூர் தேவனாம்பட்டினம் வீடு’ குடும்பக் குழுவில்: ஏசி போட்டும் அறை ஏன் நமத்துப் போகிறது?

சித்ரா: குமரா, ஃப்ரீயாக இருக்கிறாயா? அம்மா அறையில் ஏசி ஓடுகிறது, ஆனால் கசகசப்பு போகவில்லை. தலையணை, போர்வை எல்லாம் நமத்துப் போயிருக்கிறது. தரையில் கால் வைத்தால் ஈரத்துணி போட்டுத் துடைத்த மாதிரி இருக்கிறது. கேஸ் குறைந்துவிட்டதா?

குமரன்: சொல்லுங்கள் அக்கா. காற்று ஜில்லென்று வருகிறதா?

சித்ரா: நன்றாக வருகிறது. 18-ல் வைக்கிறோம். அரை மணி நேரத்தில் அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை. ஆஃப் செய்து ஜன்னலைத் திறந்து விடுகிறோம். கொஞ்ச நேரத்தில் புழுக்கம், மறுபடி ஆன். இரவெல்லாம் இதே பாடுதான்.

குமரன்: அப்படியென்றால் கேஸ் பிரச்சினை இல்லை. அறை எவ்வளவு, ஏசி எத்தனை டன்?

செல்வம்: அறை 10க்கு 12. ஏசி 2 டன், பழைய மாடல், இன்வெர்ட்டர் ஏசி இல்லை. பெரிதாக வாங்கினால் சீக்கிரம் குளிரும் என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்கள்.

குமரன்: மேலே மாடி, வெயில் படாத அறை. 1 டன் தாராளமாகப் போதும் மாமா. விற்பவர்கள் இதை எடுத்துச் சொல்வதே இல்லை, எனக்கு அதுதான் கோபம். பெரிய ஏசி பத்து நிமிடத்தில் அறையைக் குளிர வைத்துவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள்ளே ஃபேன் சுற்றும். காயிலில், அதாவது காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளில், ஒட்டியிருந்த தண்ணீர் ஆவியாகி மறுபடி அறைக்கே வந்துவிடும்.

மல்லிகா அத்தை: நாக்பூரில் நாங்கள் ஏர் கூலர்தான் வைத்திருக்கிறோம். வெட்டிவேர் வாசத்தோடு காற்று அருமையாக இருக்கும். அண்ணிக்கு ஒன்று வாங்கிக் கொடுங்களேன்.

குமரன்: அத்தை, உங்கள் ஊர் மே மாதக் காற்று காய்ந்த காற்று. தண்ணீரைக் குடித்துக்கொண்டு குளிரும். இங்கே காற்று ஏற்கெனவே குடித்து முடித்துவிட்டுத்தான் கடலிலிருந்து வருகிறது. கூலர் வைத்தால் பெரியம்மா அறையில் ஈரம்தான் ஏறும், குளிர்ச்சி வராது. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் இதே கதைதான்.

நிவேதா: மாமா, என்னிடம் ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டர் இருக்கிறது. ஆயா அறையில் இப்போது வைத்தேன். ஜன்னல் திறந்திருக்கிறது. 30 டிகிரி, 80 சதவீதம்.

குமரன்: நல்ல வேலை செய்தாய். அக்கா, மாமா, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

30 டிகிரியில் 80 சதவீதம் என்றால் அந்த அறைக் காற்றில் மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் அதன் மேல் நீர் கோக்கும். நீங்கள் 18-ல் வைத்துத் தரை, சுவர், மெத்தை, கண்ணாடி எல்லாவற்றையும் குளிர வைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த பாட்டில் மாதிரி அறை முழுக்க வேர்க்கிறது. தலையணை நமப்பது அதனால்தான்.

உடம்பு கசகசக்கவும் ஈரம்தான் காரணம். காற்றில் இடம் இருந்தால்தான் வியர்வை ஆறும்.

சித்ரா: அப்போது என்னதான் செய்வது? அம்மாவுக்கு இழுப்பு வேறு இருக்கிறது.

குமரன்: இப்போதே செய்து பார்ப்போம். ஜன்னல், பாத்ரூம் கதவு இரண்டையும் சாத்துங்கள். ஏசி 26, ஃபேன் வேகம் லோ. காற்று காயிலை மெதுவாகக் கடந்தால்தான் ஈரம் அதிகம் இறங்கும். மேலே சீலிங் ஃபேன் இரண்டாம் நம்பரில் ஓடட்டும். உள்ளே ஈரத்துணி காய்கிறதா?

சித்ரா: கொடியில் அம்மாவின் இரண்டு புடவை கிடக்கிறது. மழை என்று உள்ளே போட்டேன்.

குமரன்: முதலில் அதை எடுங்கள். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் ஏசி இழுக்க வேண்டும்.

செல்வம்: இரவு முழுக்க ஓட விட்டால் ஈபி பில் எகிறாதா? இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடுகிறது.

குமரன்: நியாயமான கவலைதான் மாமா. ஆனால் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அரசாங்கமே சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள ஏசி ஆன் செய்தவுடன் 24-ல்தான் நிற்க வேண்டும் என்று விதி வந்ததும் அதற்காகத்தான். நீங்கள் 18-க்கு இறக்கி, ஜன்னலைத் திறந்து, மறுபடி அதே ஈரத்தை முதலிலிருந்து இழுக்க வைக்கிறீர்கள். 26-ல் ஒரே சீராக ஓடட்டும். இந்த முறை ஈபி ரீடிங் எடுத்ததும் பாருங்கள்.

மல்லிகா அத்தை: ரிமோட்டில் ட்ரை என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

குமரன்: அது நம் ஊருக்கென்றே வைத்த மாதிரி அத்தை. இன்று போல மழை விட்ட சாயங்காலம் வெயில் இருக்காது, பிசுபிசுப்பு மட்டும் இருக்கும். அதற்கு ட்ரை சரி. கத்திரி வெயில் மதியத்துக்கு அது போதாது, கூல்தான் வேண்டும்.

நிவேதா: 26 டிகிரி, 63. இறங்குகிறது மாமா! வெளியே பைப்பின் கீழே பக்கெட் வைத்தேன். முன்பு சொட்டுச் சொட்டாக வந்தது, இப்போது நூல் மாதிரி ஓடுகிறது.

குமரன்: 60க்குக் கீழே வந்தால் போதும். அதற்கு மேல் நின்றால்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

செல்வம்: அந்த பக்கெட் தண்ணீரை, கரன்ட் போனால் ஓடும் நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?

குமரன்: வேண்டாம் மாமா. காயிலின் தூசியும் உலோகமும் அதில் இருக்கும். செடிக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள். பேட்டரிக்குக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

சித்ரா: பூஞ்சை என்றதும் நினைவு வருகிறது. பக்கத்து அறை பீரோவில் அம்மாவின் கல்யாணப் பட்டு, மடிப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நாப்தலின் உருண்டை போட்டும் இப்படி. அம்மா இரண்டு நாளாக அதைப் பற்றியே பேசுகிறார்.

குமரன்: அந்த பீரோ ஏசி அறைச் சுவரை ஒட்டியா நிற்கிறது?

சித்ரா: ஆமாம்!

குமரன்: நிவேதா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பீரோவைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பார்.

நிவேதா: (படம்) மாமா, சுவரில் கரும்புள்ளி, சரியாக பீரோ அளவுக்கு. அதைச் சுற்றிச் சுவர் சுத்தமாக இருக்கிறது. பின்பக்கத் தகட்டைத் தொட்டால் விரலில் தண்ணீர் ஒட்டுகிறது.

குமரன்: நினைத்தேன். 18-ல் அந்தச் சுவர் குளிர்ந்துவிடும். பக்கத்து அறையில் ஏசி இல்லை, ஈரக் காற்று பீரோவுக்குப் பின்னால் புகுந்து அங்கேயே நீராகிவிடும். காற்றோட்டம் இல்லாததால் காயாது. வீடு பழசு, சுவர் ஓதம் என்று பலர் பெயின்ட் அடித்துக் காசைக் கரைப்பது இந்த இடத்தில்தான். பீரோவை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். அங்கேயும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். நாப்தலின் பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு இல்லை.

அப்புறம், சுவரை உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள். தூள் பறந்து பெரியம்மாவுக்கு இழுப்பு வரும். சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, அந்த அறையில் ஃபேன் போட்டுக் காய விடுங்கள். துடைப்பவர் மாஸ்க் போட வேண்டும், பெரியம்மா அந்தப் பக்கம் வரக் கூடாது.

மல்லிகா அத்தை: சித்ரா, புடவையை வெயிலில் போட்டுவிடாதே. நிறம் போய்விடும். மொட்டை மாடி நிழலில் விரித்து, மெல்லிய பிரஷ்ஷால் தட்டு. காய்ந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வேறு மடிப்பாக மடித்து வை. ஜரிகை ஓரம் ஒரே மடிப்பில் இருந்தால் விட்டுவிடும். அண்ணியிடம் நான் சொன்னேன் என்று சொல், புடவை கெடாது.

சித்ரா: சரி அத்தை. இப்போதே சொல்கிறேன். கேட்டால் நிம்மதியாவார்.

நிவேதா: 57!

குமரன்: போதும், இப்படியே விடு. காலையில் ஏசியை நிறுத்தினால் உடனே ஜன்னலைத் திறக்க வேண்டாம். சீலிங் ஃபேன் ஓடட்டும், தரை குளிர் விட்ட பிறகு திறக்கலாம்.

மாமா, ஏசியின் அவுட்டோர் யூனிட் கிழக்கே கடலைப் பார்த்துத்தானே இருக்கிறது?

செல்வம்: ஆமாம். பின்பக்கத் தகடு பச்சையும் வெள்ளையுமாக அரித்திருக்கிறது.

குமரன்: உப்புக் காற்று. கோட்டிங் இருந்தாலும் இந்தக் கரையில் அது கொஞ்ச நாள்தான் தாங்கும். மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகளான ஃபின் மடங்கிவிடும். ஞாயிறு காலை வந்து நானே முதல் தடவை செய்து காட்டுகிறேன். தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப்பில் பாசி இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். ஃபில்டரை மட்டும் இன்றைக்கே கழற்றிக் கழுவுங்கள், பதினைந்து நாளுக்கு ஒரு முறை அது கட்டாயம்.

செல்வம்: கழுவிவிடுகிறேன். ஏணி வேண்டுமா?

குமரன்: வேண்டும். பக்கத்து வீட்டு ஏணி குட்டை, உயரமானதாகப் பார்த்து வையுங்கள். அவுட்டோர் எந்த சுவிட்சில் இருக்கிறது என்பதையும்.

சித்ரா: காலை டிபன் இங்கேதான், சொல்லிவிட்டேன்.