எல்லா அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் கணித, அறிவியல் பிரிவு கட்டாயமா?

கரிசல்மண்:
கட்டாயம் என்பதே என் கட்சி. தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியை மேல்நிலையாகத் தரம் உயர்த்தினால் விழா நடக்கிறது, பெயர்ப்பலகை மாறுகிறது. உள்ளே போய் பிளஸ் 1 சேர்க்கையைப் பற்றிக் கேட்டால், சில பள்ளிகளில் வணிகவியலும் தொழிற்கல்வியும் மட்டும்தான். வேறு சிலவற்றில் அறிவியல் உண்டு, உயிரியல் கிடையாது. டவுனுக்குப் போக முடிந்த பிள்ளை தப்பிக்கிறது. முடியாத பிள்ளை இருப்பதை எடுத்துக்கொள்கிறது. வணிகவியலை நான் மட்டம் தட்டவில்லை. விரும்பி எடுப்பது வேறு, கதியின்றி எடுப்பது வேறு.

ஒரு கணக்கு சொல்கிறேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது நீண்டது. அதைப் பெற 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உள்ளூர் அரசுப் பள்ளியில் உயிரியல் இல்லை என்பதற்காக ஒரு மாணவி பிளஸ் 1-க்குப் பக்கத்துத் தனியார் பள்ளியில் சேர்ந்தால் ஒதுக்கீடு போச்சு. உள்ளூரிலேயே இருந்தால் உயிரியல் போச்சு. எந்தப் பக்கம் போனாலும் இழப்பு அவளுக்குத்தான். எனவே பத்துப் பேர் கேட்டாலும் பிரிவைத் தொடங்க வேண்டும் என்று அரசாணை வேண்டும்.

சுண்ணக்கட்டி:
நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தம்பி, அரசாணை போடுவது எளிது. அந்தப் பத்துப் பேருக்கு இயற்பியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர், உயிரியலுக்கு ஒருவர் என்று முதுகலை ஆசிரியர்கள் வேண்டும். தமிழும் ஆங்கிலமும் தனி. பணியிடம் ஒதுக்கினாலும் ஆள் வந்து நிலைக்க வேண்டுமே! புதிதாகத் தேர்வாகி வருபவர் ஜூலையில் சேருவார், அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வில் முதல் வேலையாகச் சொந்த மாவட்டத்துக்கு விண்ணப்பிப்பார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அதன்பின் அந்த வகுப்பை நடத்துபவர், பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் எடுக்கப்படும் தற்காலிக ஆசிரியர். அவரும் கிடைக்காத ஆண்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரே பிளஸ் 2 இயற்பியலையும் சேர்த்துச் சுமப்பார்.

பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு இருந்த காலத்தில் இந்தப் பாடங்கள் கல்லூரியில் நடந்தன. 1978-இல் பிளஸ் 1 வந்தபோது பாடம் பள்ளிக்கு வந்தது, கல்லூரியின் ஆய்வகம் கூட வரவில்லை. அந்தக் குறை இன்னும் தீராத பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். ஊராட்சி ஒன்றியத்துக்கு இரண்டு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் பிரிவும், எல்லா ஆசிரியரும், உருப்படியான ஆய்வகமும் கொடுங்கள். பிள்ளைகள் அங்கே வரட்டும்.

வரப்போரம்:
"பிள்ளைகள் அங்கே வரட்டும்" என்று ஐயா ஒரே வரியில் முடித்துவிட்டார். எதில் வருவது?

என் மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள். கணிதப் பிரிவு இருக்கும் பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். பஸ் பாஸ் இலவசம்தான். பிளஸ் 1-க்குக் கொடுக்கும் மிதிவண்டியும் வந்தது. ஆனால் அந்தப் பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு முடிய ஆறு மணி தாண்டும், எங்கள் ஊருக்குக் கடைசி நகரப் பேருந்து அதற்கு முன்பே போய்விடும். இருட்டில் பிரதான சாலையில் இறங்கி, விளக்கில்லாத சாலையில் அவள் தனியாக மிதித்து வர வேண்டும். உள்ளூரில் வணிகவியலில் சேர்த்தோம். வீட்டில் இதைப் பற்றி யாரும் விவாதம் கூட நடத்தவில்லை. எதிர் வீட்டுப் பையன் அதே பத்தாம் வகுப்பில் இவளைவிடக் குறைவாக வாங்கியவன், அதே இரண்டு பஸ் மாறிப் போய்க் கணிதம் படிக்கிறான். பள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும் திட்டத்தை யார் எழுதினாலும், முதலில் வடிகட்டப்படுவது பெண் பிள்ளைகள்தான்.

இரட்டைக்கிளவி:
இருவருமே ஆசிரியர் நேரில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இணைய வசதியுடன் உயர் தொழில்நுட்பக் கணினி ஆய்வகம் அமைத்திருக்கிறார்கள். கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கியது, பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி 2023-இல் வந்தது. நல்ல இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஓர் இடத்திலிருந்து இருபது பள்ளிகளுக்கு நேரலையில் பாடம் எடுக்கட்டும். உள்ளூரில் மேற்பார்வைக்கு ஒருவர் போதும். பஸ்ஸும் வேண்டாம், மாறுதலும் பிரச்சினை இல்லை.

பிப்பெட்:
கிராமத்துப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். நேரலை வகுப்புக்கு நான் எதிரியல்ல. கரிம வேதியியல் வினைவழிமுறையை என்னைவிட அழகாக விளக்கும் காணொளிகள் உண்டு, நானே போட்டுக் காட்டுகிறேன். ஆனால் ஆய்வகத்துக்கு வந்து பாருங்கள்.

பெர்மாங்கனேட் தரம் பார்த்தலில், அதாவது ஒரு கரைசலின் செறிவை அளக்கும் சோதனையில், முடிவைக் காட்டத் தனி நிறங்காட்டி கிடையாது. ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றும்போது ஊதா நிறம் விழுந்த இடத்திலேயே மறையும். மறையாமல் வெளிர் இளஞ்சிவப்பு நின்றால் அதுதான் முடிவுநிலை. முதல் முறை செய்யும் பிள்ளை கட்டாயம் தாண்டிவிடும், குடுவை முழுவதும் ஊதாவாகும். மூன்றாம் முறை விரலைத் திருகியில் வைத்திருக்கும் விதமே மாறிவிடும். அதைத் திரையில் பார்த்துக் கற்க முடியாது. பக்கத்தில் நின்று "இப்போது மெதுவாக" என்று சொல்ல ஆள் வேண்டும். 100 மதிப்பெண்ணில் செய்முறைக்கு 20. ப்யூரெட்டைத் தொடாமலே அந்த 20-ஐ வாங்கிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊரறிந்த ரகசியம். முதல் செமஸ்டர் ஆய்வகத்தில் டவுன் பிள்ளைகள் நடுவே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவர்கள்தான்.

இன்னொன்று, யாரும் இங்கே வாயைத் திறக்காதது. பிரிவு இருக்கும் பள்ளியிலேயே பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. பிளஸ் 2 தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியருக்கு விளக்கக் கடிதம் வரும். அதனால் பத்தாம் வகுப்பில் கணக்கில் சுமாரான பிள்ளை கணிதமும் அறிவியலும் உள்ள முதல் குரூப் கேட்டு வந்தால், "உனக்கு வராது, வணிகவியல் எடு" என்று சேர்க்கை மேசையிலேயே திருப்பிவிடுகிறார்கள். விண்ணப்பமே வராததால், அடுத்த ஆண்டு "அறிவியல் பிரிவுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கை போகும்.

சுண்ணக்கட்டி:
கடைசிப் பத்தி என்னைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆமாம், திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அனுப்புவேன். பத்தாம் வகுப்பில் 38 வாங்கிய பையனுக்குப் பிளஸ் 1-இல் முக்கோணவியலும், அதற்குப் பின் வகை நுண்கணிதமும் காத்திருக்கின்றன. அவனுக்குப் பின்னமே தடுமாறும். இரண்டு ஆண்டு புரியாமல் உட்கார்ந்து, கணிதத்தில் தவறி, துணைத்தேர்வு எழுதி, கடைசியில் படிப்பையே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சி.பி.எஸ்.இ. 2019-20-இலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம்மிடம் எல்லாருக்கும் ஒரே தாள். அந்தத் தாளில் 38-ஐயும் 98-ஐயும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கச் சொல்கிறீர்களா?

கரிசல்மண்:
ஐயா, நீங்கள் சொன்னது எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் கணக்கு ஆசிரியர் வேண்டும் என்பதற்கான வாதம். பிளஸ் 1-இல் பிரிவு வேண்டாம் என்பதற்கான வாதம் அல்ல. 38 வாங்கியவனை விடுங்கள். வரப்போரம் அம்மாவின் மகள் தொண்ணூறு தாண்டியவள். அவளுக்கு உங்கள் பதில் என்ன?

இரட்டைக்கிளவி:
அவளைப் போன்றவர்களுக்காகத்தான் மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. விடுதியும் உண்டு, நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் உண்டு. இருட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டியதில்லை.

பிப்பெட்:
மாதிரிப் பள்ளி நல்ல பள்ளிதான், அங்கிருந்து உயர்கல்வி நிறுவனங்களுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் எத்தனை பேருக்கு இடம்? மேலும், என் வகுப்பில் முதல் இரண்டு பேர் போய்விட்டால் மிச்சமுள்ள பதினைந்து பேருக்குச் சந்தேகம் கேட்கக் கூட ஆள் இல்லை. ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை பக்கத்துப் பெஞ்சில்தான் கேட்கும்.

வரப்போரம்:
விடுதிக்கு அனுப்ப அவள் பாட்டி சம்மதிக்கவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. இதைப் பிற்போக்கு என்று யாராவது எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள். பையனைப் பெற்றவர்கள் 15 வயதில் பிள்ளையைப் பிரிய வேண்டியதில்லை, நாங்கள் மட்டும் ஏன் பிரிய வேண்டும்?

சுண்ணக்கட்டி:
அம்மா, உங்கள் கோபம் நியாயம். கடைசிச் சிறப்பு வகுப்புக்குப் பின் பஸ் விடச் சொல்லிப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனுக் கொடுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் என் நிலை மாறவில்லை: முதலில் நிரந்தர ஆசிரியர், பிறகு பிரிவு. ஆசிரியர் இல்லாத இயற்பியல் வகுப்பில் சேர்த்துவிட்டு "வாய்ப்புக் கொடுத்தோம்" என்று சொல்வது பிள்ளையை ஏமாற்றும் வேலை.

கரிசல்மண்:
அங்கேதான் சிக்கல் ஐயா. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. பிரிவு இல்லையென்றால் மாணவர் இல்லை, மாணவர் இல்லையென்றால் பணியிடம் இல்லை. ஆசிரியர் வந்த பிறகு பிரிவு என்றால், அந்த ஆசிரியரை எந்தக் கணக்கில் கேட்பது?

சுண்ணக்கட்டி:
அதற்குத்தான் புதிதாகத் தொடங்கும் பிரிவுக்கு முதல் மூன்று ஆண்டு எண்ணிக்கை பார்க்காமல் பணியிடம் கொடு என்று கேட்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்தும் பத்துப் பேர் சேரவில்லையென்றால் எடுத்துவிடட்டும். இதை நீங்கள் உங்கள் முதல் பதிவிலேயே கேட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

கரிசல்மண்:
மூன்று ஆண்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். "எடுத்துவிடட்டும்" என்பதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து என்ற எண்ணை நான் தொடங்குவதற்குச் சொன்னேன், மூடுவதற்கு அல்ல.

வரப்போரம்:
நீங்கள் இருவரும் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். இளைய மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பிரிவு கேட்டுத் தீர்மானம் எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள்.

பிப்பெட்:
"அறிவியல் பிரிவு வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். எந்தப் பாடத் தொகுதி, எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர், ஆய்வகத்துக்கு எந்த அறை என்று தனித்தனியாக எழுதுங்கள். உங்கள் பள்ளியிலும் சுற்றியுள்ள உயர்நிலைப் பள்ளிகளிலும் ஒன்பது, பத்தாம் வகுப்பில் படித்து இந்தப் பிரிவில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பெற்றோர் கையெழுத்துடன் இணையுங்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில், உங்கள் ஒன்றியத்தில் எந்தப் பள்ளியில் எந்த முதுகலைப் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி என்று கேளுங்கள்.

சுண்ணக்கட்டி:
பட்டியலில் கையெழுத்துப் போடுபவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா. நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு பட்டியலை நம்பிப் பிரிவு வாங்கினேன். ஜூன் மாதம் பார்த்தால் கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் போய்க்கொண்டிருந்தார்கள்.

வரப்போரம்:
கேட்கிறேன் ஐயா. அந்த ஜூனில் உங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் வந்து சேர்ந்திருந்தாரா?