பயிற்சி முடித்தவர்கள் எங்கே போனார்கள்? பிஎஃப் கணக்கோடு இணைத்தால் தெரியுமா?

வேப்பம்பூ:
திறன் பயிற்சி மையம் ஒன்றில் 4 வருடம் பிளேஸ்மென்ட் வேலை பார்த்தவன் நான். இப்போது அங்கே இல்லை. ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே வைக்கிறேன், எதிர்க்கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிரதமரின் கௌஷல் விகாஸ் யோஜனாவின் இரண்டாம் கட்டத்தில் (2.0) மையங்களுக்கு மூன்று தவணையாகப் பணம் வரும். பேட்ச் தொடங்கினால் 30 சதவீதம், சான்றிதழ் வாங்கினால் 50, வேலையில் சேர்த்துவிட்டால் கடைசி 20. அந்தக் கடைசி 20-க்காக நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்பெனி கேட்டில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு ஆஃபர் லெட்டரைக் கையில் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். எங்கள் பேட்ச் ஒன்றில் 30 பேர். போட்டோவில் 22 பேர். மறுமாதம் நானே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். வேலையில் இருந்தது 9 பேர். போர்ட்டலில் ஏறிய கணக்கு 22.

நான் கேட்பது இதுதான். கம்பெனிகள் மாதாமாதம் 15-ம் தேதிக்குள் பிஎஃப் ரிட்டர்ன் போடுகின்றன. அதில் தொழிலாளியின் யூஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. பயிற்சி போர்ட்டலை அதோடு இணைத்துவிட்டால், 6-ம் மாதம் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், ஒரு வருடம் கழித்து எத்தனை பேர், சம்பளம் ஏறியதா என்று போட்டோ இல்லாமலே தெரிந்துவிடும். இதை ஏன் செய்யக் கூடாது?

தறிக்காரன்:
அண்ணா, போட்டோ கதை நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் உங்கள் தீர்வை ஏற்க முடியவில்லை.

பிஎஃப் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 10 பேர். திருப்பூரில் பவர் டேபிள் போட்டு 8 பேரை வைத்துத் தைக்கும் யூனிட் எத்தனை இருக்கிறது தெரியுமா? அங்கே ஓவர்லாக் ஓட்டுகிற பிள்ளை ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு சனிக்கிழமை கையில் சம்பளம் வாங்குகிறது. பெரிய கம்பெனியிலேயே காண்ட்ராக்டர் மூலம் பீஸ் ரேட்டுக்குப் போகிறவர் பலருக்கு பிஎஃப் பிடிப்பதில்லை. உங்கள் கணக்கில் இவர்கள் எல்லாரும் வேலை கிடைக்காதவர்கள்! பயிற்சி பயனில்லை என்று எண் சொல்லும், அடுத்த வருடம் அந்த ஊருக்கு மையம் வராது.

இன்னொன்று. எண்ணைப் பார்த்துப் பணம் கொடுத்தால், எண்ணுக்கு ஏற்ற ஆளைத்தான் மையம் சேர்க்கும். அமெரிக்காவில் 1982-ல் கொண்டுவந்த வேலைப் பயிற்சிச் சட்டத்தில் இந்தக் குற்றச்சாட்டுதான் எழுந்தது. சீக்கிரம் வேலை கிடைக்கக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, படிப்பில்லாதவர்களைத் தள்ளிவிடுகிறார்கள் என்று.

பழைய தணிக்கை:
36 வருடம் கணக்குப் பார்த்த கண்ணோடு ஒரு வார்த்தை. இணைப்பது இருக்கட்டும், இணைக்க உள்ளே என்ன இருக்கிறது?

இதே திட்டத்தின் 2015 முதல் 2022 வரையிலான காலத்தைப் பற்றி மத்திய தணிக்கைத் துறையான சிஏஜி கொடுத்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பயனாளிகளின் பதிவுகளில் 94 சதவீதத்துக்கு மேல் வங்கிக் கணக்கு இடம் காலி, அல்லது பூஜ்ஜியம். எண் நிரப்பியிருந்த மிச்சத்திலும் 11111111111 என்று அடித்து வைத்திருக்கிறார்கள், ஒரே கணக்கு எண் பல பேருக்கு வந்திருக்கிறது. ஒரே போட்டோவைப் பல பயனாளிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பதிவேட்டை இன்னொரு பதிவேட்டோடு கோர்த்தால் உங்களுக்குக் கிடைப்பது என்ன?

வேப்பம்பூ:
ஐயா, நீங்கள் சொல்வதுதான் என் பக்க நியாயம். 7 வருடம் அந்தக் கட்டங்கள் காலியாகக் கிடந்தது ஏன்? வேறெந்தப் பதிவேட்டோடும் ஒத்துப்பார்க்காததால். முதல் பேட்ச் உள்ளே வந்த மாதமே வங்கியோடோ பிஎஃப்போடோ உரசிப் பார்த்திருந்தால் 11111 அன்றைக்கே மாட்டியிருக்கும்.

தறிக்காரன் தம்பி, அமெரிக்காவைச் சொன்னீர்கள். அங்கேயே 2014-ல் வந்த சட்டத்தையும் பாருங்கள். பயிற்சி முடித்து வெளியே வந்த இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையில் இருக்கிறார்களா என்று மாநிலங்களின் சம்பளப் பதிவேட்டில் பார்க்கிறார்கள். பக்கத்து மாநிலத்துக்கு வேலைக்குப் போனவரையும் கண்டுபிடிக்க மாநிலங்களுக்கிடையே ஒரு பரிமாற்ற ஏற்பாடு இருக்கிறது. இலக்கு வைக்கும்போது அந்த வட்டாரத்தில் வேலை நிலவரம் எப்படி, வந்து சேர்ந்தவர்கள் யார் என்பதைக் கணக்கில் எடுத்துக் கூட்டிக் குறைக்கிறார்கள். பொறுக்கி எடுக்கும் கெட்டபழக்கத்துக்கு அவர்கள் கண்ட மருந்து அது. நம் ஊரிலோ இதே திட்டத்தின் நான்காம் கட்டமான 4.0 வந்ததும் வேலை கிடைத்ததா என்று பின்தொடர்வதையே விட்டுவிட்டார்கள். தப்பான அளவுகோல் இருந்தது, சரி. அதற்காக அளவுகோலே வேண்டாமா?

நெல்லை டேட்டா:
இந்த மாதிரி பொருத்தும் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. நடைமுறையில் எங்கே உதைக்கும் என்று சொல்கிறேன்.

நம் ஆட்களுக்குப் பெரிய சிக்கல் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "எம். தமிழ்ச்செல்வி". ஆதாரில் "தமிழ்ச்செல்வி எம்". பிஎஃப்பில் அப்பா பெயரை விரித்து "தமிழ்ச்செல்வி மாரிமுத்து". கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலே மாறிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. குடும்பப்பெயர் உண்டு என்று நினைத்து எழுதிய மென்பொருள் இதில் தடுமாறும். பொருந்தாமல் விழும் பதிவுகளில் பெண்கள், அதிலும் கல்யாணமானவர்கள் அதிகம் இருப்பார்கள். அவர்களை "வேலையில் இல்லை" என்று எழுதிவிட்டால் அது பொய். "தெரியவில்லை" என்று மூன்றாவது கட்டம் கட்டாயம் வேண்டும். நான் பார்த்த பல அறிக்கைகளில் அந்தக் கட்டம் கிடையாது.

பெயரை நம்பாமல் பயிற்சியில் சேரும் அன்றே யூஏஎன் எண்ணை எழுதிக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்கு இ-ஷ்ரம் எண். 2021 ஆகஸ்டில் அமைப்புசாரா தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது அது. ஆனால் வேலை மாறினால் அதில் யாரும் போய்த் திருத்துவதில்லை, அதனால் ஆளை அடையாளம் காண மட்டும்தான் உதவும்.

தறிக்காரன்:
எண், எண் என்று போகிறீர்கள். அந்த எண்ணை யார் பார்ப்பார்கள்? 100 நாள் வேலையில் ஆப் கொண்டுவந்து தினம் இரண்டு தடவை போட்டோ கேட்டார்கள். 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். போலி வருகையைப் பிடிக்கத்தான் என்றார்கள். போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றியவர்கள் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். சிக்னல் இல்லாத ஊரில் மண் வெட்டிய கிழவியின் கூலிதான் பறிபோயிற்று. கண்காணிப்பின் பாரம் எப்போதும் கீழே இருப்பவன் தலையில்தான் இறங்குகிறது, இதை நான் வயிறெரிந்து சொல்கிறேன்.

வேப்பம்பூ:
அதில் எனக்கு வாதமில்லை. என் யோசனையில் பயிற்சி எடுத்தவர் எதையும் ஏற்ற வேண்டாம், எங்கேயும் வந்து நிற்க வேண்டாம். பெயர் மையத்துக்கும் போகக் கூடாது, கம்பெனிக்கும் போகக் கூடாது. மையத்துக்கு இத்தனை பேர், இவ்வளவு சம்பளம் என்ற கூட்டுத்தொகை மட்டும்.

நெல்லை டேட்டா:
கூட்டுத்தொகையிலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம், அண்ணா. 30 பேர் பேட்சில் ஒரே ஒரு மாற்றுத்திறனாளி இருந்தால்? அதனால் 10-க்குக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டவே கூடாது, ஒரு வருடத்து பேட்ச்களைச் சேர்த்துத்தான் போட வேண்டும். சேரும் அன்றே தமிழில் எழுதி ஒப்புதலும் வாங்க வேண்டும். தனிநபர் தரவுச் சட்டம் 2023-லேயே வந்தாயிற்று, அரசுக்கு அதில் சலுகைகள் இருக்கின்றன. இருந்தாலும் கேட்டு வாங்குவதுதான் மரியாதை.

கொடிமுல்லை:
நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நீங்கள் பேசுகிற ஆள் நான்தான்.

2017-ல் தையல் பயிற்சி முடித்தேன். கம்பெனியில் 5 மாதம் போனேன், பிஎஃப் பிடித்தார்கள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். இப்போது வீட்டில் இரண்டு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன், பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தர் கொக்கி கட்டித் தருவார். ஆடி முடிந்தால் கல்யாண ஆர்டர், தீபாவளிக்கு ராத்திரி ஒரு மணி வரை ஓடும். கம்பெனியில் வாங்கியதை விடக் கூட வருகிறது, ஆனால் எல்லா மாதமும் இல்லை. வேப்பம்பூ அண்ணா கணக்கில் நான் 6-ம் மாதமே காணாமல் போனவள். தறிக்காரன் அண்ணா சொல்வது போல என்னை யாரும் எண்ணவே வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பயிற்சியில் பேட்டர்ன் வெட்டக் கற்றதுதான் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு. அது எங்காவது பதிவாக வேண்டாமா? சேர்ந்த அன்று கொடுத்த அதே நம்பர்தான் இப்போதும் வைத்திருக்கிறேன். ஒரு போன் வந்ததில்லை.

தறிக்காரன்:
தங்கச்சி, எண்ணவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படிப் பட்டிருந்தால் என் எழுத்துதான் தப்பு. பிஎஃப்பில் காணாதவர்களில் குலுக்கல் முறையில் கொஞ்சம் பேரை எடுத்து, மையத்தைச் சேராத ஆட்கள் போன் பண்ணிக் கேட்கட்டும். அமெரிக்காவிலும் பதிவேட்டில் இல்லாதவர்களுக்கு வேறு ஆதாரம் ஏற்கிறார்கள். அப்படியென்றால் இணைப்புக்கு நான் பாதி சம்மதம். ஆனால் முதல் இரண்டு வருடம் அந்த எண்ணை மையத்தின் பணத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. போட்டால் பழைய போட்டோ கதை வேறு உருவத்தில் வரும்.

வேப்பம்பூ:
பணத்தில் ஒரு பங்காவது சேராவிட்டால் எந்த மையமும் அசையாது என்பது என் அனுபவம். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. மற்றதை எழுதி மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்துக்கு மனுவாகக் கொடுக்கிறேன்: சேரும்போதே யூஏஎன், "தெரியவில்லை" என்ற கட்டம், பிஎஃப்பில் இல்லாதவர்களுக்கு வெளி ஆள் போன். கொடிமுல்லை, போனில் என்ன கேட்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

கொடிமுல்லை:
"வேலைக்குப் போகிறீர்களா" என்று கேட்டால் என்னை மாதிரி ஆட்கள் இல்லை என்றுதான் சொல்வோம். "போன வாரம் தைத்தீர்களா, எவ்வளவு வந்தது" என்று கேட்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை வேண்டாம், அன்று டெலிவரி இருக்கும். ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் என்றால் எடுப்போம்.