கரண்ட் போய் வந்தால் பொடக்காலி ஷெட்டில் பிரேக்கர் விழுகிறது, மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது: உதவி தேவை

கட்டுத்தரைத் தையல்:
வணக்கம். எங்களுக்குப் பல்லடத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். பன்னிரண்டு வருடம் திருப்பூருக்குக் கம்பெனி வேனில் போய் ஓவர்லாக் தையல் அடித்தேன். மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு அந்த அலைச்சல் ஒத்துவரவில்லை. தை மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையான பொடக்காலியில், முன்பு மாட்டுக் கட்டுத்தரை இருந்த இடத்தில், 12-க்கு 20 அடி தகர ஷெட் போட்டேன். தையல் மெஷின்களில் ஓவர்லாக் ஒன்று, ஃபிளாட்லாக் ஒன்று, சிங்கர் ஒன்று. மூன்றும் பழையவை, அரை எச்.பி. கிளச் மோட்டார். ஜாப் ஒர்க் (கூலித் தையல்) தடையில்லாமல் வருகிறது. ஷெட்தான் வேலை செய்ய விடமாட்டேன் என்கிறது.

ஒரு மெஷின் ஓடினால் வம்பில்லை. மூன்றும் ஓடும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்தால், மோட்டார்கள் உம்மென்று முனகுகின்றன, லைட் மங்குகிறது, பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடுகிறது. ஃபிளாட்லாக் தலையைத் தொட்டால் சில நாள் சுரீர் என்கிறது. எங்கள் வயர்மேன், “இபி வோல்டேஜ் சரியில்லை, பெரிய ஸ்டெபிலைசர் வாங்குங்கள்” என்கிறார். அதற்குக் கொடுக்கும் காசில் இன்னொரு பழைய சிங்கரே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. வாங்கத்தான் வேண்டுமா? அப்புறம், மதியம் இரண்டு மணிக்கு மேல் தகரத்துக்குக் கீழே உட்கார முடியவில்லை. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

பத்து ரூபாய் பீஸ்ரேட்:
அக்கா, கிளச் மோட்டாரை முதலில் தூக்கிப் போடுங்கள். நீங்கள் துணி மடித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சர்வோ மோட்டார், பெடலை மிதித்தால்தான் கரண்ட் இழுக்கும். நான் நான்கு மெஷினுக்கும் மாற்றிய பிறகு ஷெட்டில் சத்தமும் சூடும் குறைந்துவிட்டன. வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசரே போதும் என்று நினைக்கிறேன்.

மீட்டர்பெட்டி:
தங்கச்சி, எதையும் வாங்குவதற்கு முன் நான்கு விஷயம் சொல்லுங்கள். வீட்டு மீட்டரிலிருந்து ஷெட் எத்தனை அடி? எந்த அளவு ஒயர்? உள்ளே எத்தனை கோர், அதாவது எத்தனை தனிக் கம்பி? பிரேக்கர் மேல் என்ன எழுதியிருக்கிறது? முடிந்தால் ஒரு மல்டிமீட்டர் கடன் வாங்கி, மூன்றும் கிளம்பும் நேரத்தில் மீட்டர் பெட்டியிலும் ஷெட்டிலும் வோல்டேஜ் பாருங்கள். பிளக்கில் கை வைக்கத் தெரிந்தவர்தான் அதைப் பார்க்க வேண்டும்.

கட்டுத்தரைத் தையல்:
110 அடி. ஒயர் 1.5, இரண்டு கோர்தான். பிரேக்கரில் பி16 என்று இருக்கிறது. என் தம்பி வந்து பார்த்தான். சும்மா இருக்கும்போது மீட்டர் பெட்டியில் 228, ஷெட்டில் 227. மூன்றும் கிளம்பும்போது பெட்டியில் 222, ஷெட்டில் 181. எண் ஓடிக்கொண்டே இருந்ததால் கண்ணில் பட்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மீட்டர்பெட்டி:
அப்படியானால் இபி மேல் குற்றமில்லை. பெட்டிவரை 222 வருகிறது. அங்கிருந்து ஷெட்டுக்குள் 41 வோல்ட் தொலைகிறது. தின்பது உங்கள் ஒயர்.

கணக்கு இதுதான். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை. 110 அடி என்பது 33 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், போய்த் திரும்ப 67 மீட்டர். தடை 0.8 ஓம். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது 4 ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் நான்கைந்து மடங்கு இழுக்கும். மூன்றும் சேர்ந்தால் 50 ஆம்பியர் ஆகிவிடும். 50-ஐ 0.8-ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் தம்பி பார்த்த எண் வந்து நிற்கும். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 181-இல் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பலம். அதனால்தான் முனகுகிறது, கிளம்ப நேரம் பிடிக்கிறது. பி வகை 16 ஆம்பியர் பிரேக்கர் 48-லிருந்து 80 ஆம்பியருக்குள் சட்டென்று விழும்படி செய்யப்பட்டது. அது விழுவது அதன் வேலை. பெரிய பிரேக்கர் மாட்டினால் ஒயர்தான் வேகும்.

ஸ்டெபிலைசரை ஷெட்டில் வைத்தால் அது வோல்டேஜை ஏற்ற, அதே மெல்லிய ஒயரிலிருந்து இன்னும் அதிகக் கரண்ட்டை இழுக்கும். ஒயர் இன்னும் சுடும்.

6 சதுர மில்லிமீட்டர் செம்பு போடுங்கள். 41 வோல்ட் போகும் இடத்தில் 10, 11-தான் போகும். பின்னால் இரண்டு மெஷின் சேர்த்தாலும் தாங்கும். கரண்ட் போனதும் மூன்று சுவிட்சையும் அணைத்துவிடுங்கள், வந்த பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். இதற்குக் காசே வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம்.

இதெல்லாம் இரண்டாவது. முதலில் அந்தச் சுரீர். இரண்டு கோர் என்றால் ஷெட்டுக்கு எர்த்தே வரவில்லை. மோட்டாரில் கசியும் கரண்ட் போக வழியில்லாமல் மெஷின் தலையில் நிற்கிறது, உங்கள் கை வழியாக இறங்குகிறது. எர்த் போடும்வரை ஃபிளாட்லாக்கை ஓட்டாதீர்கள். டெலிவரி தவறினால் தவறட்டும்.

நூல்கண்டு:
எங்கள் யூனிட்டில் நியூட்ரலையும் மெஷின் பாடியையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டார்கள். அன்றோடு ஷாக் நின்றது. செலவே இல்லை.

மீட்டர்பெட்டி:
அதை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் மோட்டார் வழியாக 230 வோல்ட்டும் பாடிக்கு வந்துவிடும். உட்கார்ந்திருப்பவர் அதோடு சரி. இருபது வருடத்தில் இந்தத் துண்டு ஒயரை நான் கழற்றிய ஷெட்டுகளுக்குக் கணக்கில்லை.

தங்கச்சி, ஷெட் பக்கத்திலேயே ஒரு எர்த் குழி எடுங்கள். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும். நம் பக்கத்துச் செம்மண் சித்திரையில் ஓடாகக் காய்ந்துவிடும், காய்ந்த குழி பேருக்குத்தான் எர்த். பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போகிறதல்லவா, அந்த வாழையடியில் குழி எடுத்தால் ஈரம் தானாக நிற்கும். ஷெட் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மாட்டுங்கள். கசிவு அந்த அளவைத் தாண்டியதும் கரண்ட்டைத் துண்டித்துவிடும். உங்கள் ஃபிளாட்லாக் மோட்டாரை மாட்டியதும் அது விழும். விழுந்தால் மோட்டாரைப் பாருங்கள், ஆர்சிசிபியைக் கழற்றாதீர்கள்.

ஆடிக்காத்து:
அம்மிணி, கரண்ட் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. கூரை பற்றிச் சொல்கிறேன். ஷெட் வாசல் எந்தப் பக்கம்?

கட்டுத்தரைத் தையல்:
மேற்கே பார்த்ததுங்க. உயரம் எட்டடி. வெயிலுக்குத் தகரத்து மேல் தென்னங்கீற்று வேயலாமா, உள்ளே தெர்மோகோல் அடிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஆடிக்காத்து:
இரண்டும் வேண்டாம் சாமி. பனியன் துணி வெட்டுமிடத்தில் பஞ்சுத் தூசி எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். ஒரு பொறி போதும். கீற்றும் தெர்மோகோலும் நின்று எரியும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசிக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளை நட்டுவைத்திருப்பது அழகுக்கா? மேற்கு வாசல் வழியாக ஷெட்டுக்குள் புகுந்து தகரத்தை அடியிலிருந்து தூக்கும். ஆணி அடித்திருந்தால் பிடுங்கிக்கொண்டு போகும், கொக்கி போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அந்தக் காற்றில் வரும் செம்மண் தூசி வெள்ளைப் பீஸில் பட்டால் செக்கிங்கில் மொத்தமும் திரும்பி வரும். மேற்கு வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிடுங்கள். வாசல் கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று. ஆபத்துக்கு ஓட இரண்டு வழி இருக்கிற மாதிரியும் ஆச்சு. கூரையைப் பதினோரு அடிக்கு ஏற்றி, சுவரின் உச்சியில் எதிரெதிராகச் சந்து விடுங்கள். தகரத்து மேல் வெள்ளை அடியுங்கள். வெறும் சுண்ணாம்பு ஒரு மழையோடு போய்விடும், பசை கலந்து அடித்தால் ஒரு கோடையாவது நிற்கும்.

வரவுசெலவு:
ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். வீட்டு கனெக்‌ஷனில் கூலி வேலைக்கு மெஷின் ஓட்டுவது, மின்சாரச் சட்டம் 2003-இன் 126-வது பிரிவில் மாட்டும். எந்தக் கட்டணம் பொருந்துமோ அதைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கு. குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு 3ஏ1 என்று தனிக் கட்டணம் இருக்கிறது. ஷெட்டுக்குத் தனி சர்வீஸ் (மின் இணைப்பு) கேளுங்கள். வீட்டுக்கு இலவச யூனிட் வருவது கெடாது.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆதார் வைத்து நீங்களே போடலாம், கட்டணமே கிடையாது. ஆயிரம் ஐந்நூறு கேட்பவரிடம் போகாதீர்கள். ஆனால் பிஎம்இஜிபி என்ற மத்திய அரசு மானியக் கடனுக்கு ஆசை இருந்தால் அவசரப்படாமல் முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். அது புது யூனிட்டுக்குத்தான், ஏற்கெனவே ஓடும் யூனிட்டுக்கு வராது. ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், கூலி வரவு வருடத்துக்கு 20 லட்சம் தாண்டட்டும்.

கட்டுத்தரைத் தையல்:
ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். எர்த் குழி வாழையடியிலேயே எடுத்தோம். அண்ணா சொன்னபடியே ஃபிளாட்லாக்கைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தது. மோட்டாரைத் திறந்தால் உள்ளே பஞ்சு அடைத்து, ஒயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல்தான் மூன்று மாதம் கை வைத்து வேலை செய்திருக்கிறேன். மாமியார் அன்றைக்கே மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்துவிட்டார்.

6 ஒயர் இழுத்தாயிற்று. எல்லாம் கிளம்பும்போதும் இப்போது ஷெட்டில் 212. பிரேக்கர் ஒருமுறைகூட விழவில்லை. தனி சர்வீஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேற்கு வாசலை அடைத்துவிட்டோம். கூரை ஏற்றும் வேலை மட்டும் ஆவணிக்குத்தான், இந்தக் காற்றில் தகரத்தைக் கழற்ற மாட்டேன் என்று கூரைக்காரர் சொல்லிவிட்டார். சர்வோ ஓவர்லாக்குக்கு மட்டும் மாட்டினேன். அதில் வேகமாக மிதித்தால் பெல்ட் நழுவுகிறது. மோட்டார் கோளாறா?

பத்து ரூபாய் பீஸ்ரேட்:
இல்லை அக்கா, எனக்கும் ஆனது. பழைய பெல்ட்டையே போட்டிருப்பீர்கள். மோட்டாரைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே இறக்கி இறுக்குங்கள். பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அப்படியும் நழுவினால் புது பெல்ட் வாங்குங்கள். போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு காட்டுங்கள். அப்புறம், ஸ்டெபிலைசர் பற்றி நான் சொன்னது தப்பு. என் ஷெட் ஒயரையும் நேற்றுத் தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது.