பொருள்: ஹெல்மெட்டில் ஒட்டும் ‘ரேடியம்’ பட்டைக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பம் தம்பி கேட்டது நேரான கேள்விதான். இரவில் கடலூர்–புதுச்சேரி சாலையில் பைக்கில் போகிறவர்களுக்காக, ஹெல்மெட்டில் என்ன பட்டையை எப்படி ஒட்டுவது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறார். அந்தப் பட்டையைத் தமிழில் எப்படிச் சொல்வது? இதுவரை வந்தவை: பின்னெதிரொளிப்புப் பட்டை, ஒளிர்பட்டை, பூனைக்கண் பட்டை. அப்புறம், ‘ரேடியம்னே விட்டுடலாமே’.

கடைசியிலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சொன்ன அக்கா விளையாட்டாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நம்பர் பிளேட்டிலிருந்து சாமி படம் வரை வெட்டி ஒட்டித்தரும் கடைக்கு எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் ரேடியம் கடை என்றுதான் பெயர். கியூரி தம்பதி 1898-ல் கண்டுபிடித்த ரேடியத்தைச் சாயத்தில் கலந்து, இருட்டில் தெரியட்டும் என்று கடிகார முள்ளில் பூசிய காலம் ஒன்று இருந்தது. பூசிய பெண்கள் பலர் அதனாலேயே நோயுற்று இறந்தார்கள். அந்தச் சாயம் போய்ப் பல காலம் ஆகிறது, பெயர் மட்டும் நம் கடைப்பலகையில் நிற்கிறது. நிற்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்கிறது. அதுதான் சிக்கல்.

பகலில் கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒன்று. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக்கித் தருவதால்தான் அதற்கு அந்தப் பளிச். இரவில் அந்த வித்தை பலிக்காது. அடுத்தது, வெளிச்சத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தால் கொஞ்ச நேரம் தானே மினுங்குவது. அறையில் சுவிட்சைக் கண்டுபிடிக்க உதவும். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட்டுக்கு முன்னால் எடுபடாது. மூன்றாவதுதான் தம்பி கேட்பது. இது தானாக ஒளி விடுவதே இல்லை. மேலே விழுகிற ஒளியை வந்த திசைக்கே அனுப்பிவிடுகிறது. கடையில் போய் ‘ரேடியம் குடுங்க’ என்றால் இந்த மூன்றில் எது கைக்கு வரும் என்பது கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது. ஆகவே, நமக்கு வேண்டிய சொல் இந்த மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

அந்தக் காரணத்தாலேயே ‘ஒளிர்பட்டை’யை நான் ஏற்கவில்லை. ஒளிர்வது என்றால் தானே ஒளிவிடுவது. நம் பாடநூல்களும் முதல் இரண்டு வகையைத்தான் ஒளிர்தல், நின்றொளிர்தல் என்கின்றன. அந்தச் சொல்லை மூன்றாவதற்குக் கொடுத்தால், வாங்கப் போகிறவரைத் தவறான சரக்குக்கு நாமே கைகாட்டி விடுவதாகும்.

‘பின்னெதிரொளிப்பு’ புலவர் ஐயா தந்தது. பொருள் துல்லியமாக இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் ‘எதிர்’ என்பதிலேயே திரும்புதல் இருக்கும்போது ‘பின்’ எதற்கு என்று படிப்பவர் தடுமாறுவார். தம்பியின் குறிப்பில் ஹெல்மெட்டின் முன்பக்கம், பின்பக்கம் என்று வந்தே தீரும். ‘பின்பக்கப் பின்னெதிரொளிப்புப் பட்டை’ என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் ஐயா. முன்பக்கப் பின்னெதிரொளிப்பு இன்னும் மோசம்.

இந்தப் பட்டை செய்வது என்ன என்று பார்த்தால் சொல் தானாக வரும். கண்ணாடியில் சாய்வாக விழுந்த ஒளி மறுபக்கம் சாய்ந்து போய்விடும். வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு வராது. சுவரில் பட்டால் நாலாபக்கமும் சிதறும். இதிலோ, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வந்தவழியே திரும்பும். கேரம் போர்டின் மூலையில் ஸ்டிரைக்கர் இரண்டு பக்கக் கட்டையிலும் மோதினால், வந்த கோட்டுக்கு இணையாகத் திரும்புகிறது அல்லவா? அங்கே இரண்டு கட்டை, இங்கே ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்பு. பட்டைக்குள் அப்படிப்பட்ட நுண்ணிய மூலைகள் நெருக்கமாக இருக்கும். இன்னொரு வகையில் மூலைக்குப் பதிலாகக் கண்ணாடி மணிகள்: ஒளி மணிக்குள் விலகி, பின்புறத்தில் பட்டு, வந்த வழியில் வெளியேறும். சாலையின் வெள்ளைக்கோடு இரவில் பளிச்சிடுவதும் அதில் தூவிய மணிகளால்தான். 1969-ல் அப்பல்லோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்த கருவியும், 2023-ல் சந்திரயான் 3-இன் விக்ரம் கொண்டுபோன சிறு கருவியும் இதே மூலை வித்தைதான், லேசரை அனுப்பித் தூரம் அளப்பதற்கு. ஹெல்மெட்டுக்கும் நிலவுக்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டும் என்றால் ‘பூனைக்கண்’ கழன்றுகொள்கிறது. சாலையில் பதிக்கும் குமிழுக்கு அது அருமையான பெயர், அங்கேயே இருக்கட்டும்.

என் பரிந்துரை மீளொளி. மீண்டு வரும் ஒளி. மீளொளிப் பட்டை, மீளொளித் தாள், மீளொளிப்பான் என்று கிளைக்கும்.

எழக்கூடிய மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். மீள்பார்வை, மீள்பதிவு போன்றவற்றில் ‘மீள்’ என்றால் ‘மறுபடியும்’. இங்கே அந்தப் பொருள் இல்லை, ‘போனவன் மீண்டான்’ என்பதில் உள்ள பொருள். இரண்டாவது, வினையாக்கினால் ‘மீளொளிக்கும்’ என்று வரும். ஒளித்து வைப்பது போலக் கேட்கும். எதிரொளித்தலிலும் அதே தொல்லை உண்டு, பள்ளிப் பிள்ளைகள் யாரும் குழம்பவில்லை. ஒரு லாபமும் இருக்கிறது: எதிரொளி ஓரெழுத்து பிசகினால் எதிரொலி என்று வேறு சொல்லாகிவிடும், இதில் அந்தக் குழப்பம் இல்லை. எதிரொளிப்பைத் ‘தெறிப்பு’ என்கிற இலங்கை நண்பர்கள், அந்த வழியில் ‘மீள்தெறிப்பு’ என்று கேட்கலாம். அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே தெறிப்பது என்றால் சிதறுவது. நாம் தவிர்க்க நினைக்கும் பொருளே அது.

சரி, தம்பியின் குறிப்புக்கு வருகிறேன். கடையில் சோதிக்கும் முறையை முதல் வரியிலேயே போடுங்கள், சொல்லின் பொருளும் அதிலேயே விளங்கிவிடும். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், பொட்டு வைக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தால் பட்டை கொளுத்திவிட்டது போல் தெரிய வேண்டும். அதே டார்ச்சைக் கையைப் பக்கவாட்டில் நீட்டித் தள்ளிப் பிடித்தால் மங்கிவிட வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது மீளொளி இல்லை.

சாலையில் இதற்கு ஒரு விளைவு உண்டு. காரில் ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்கு 60 செ.மீ. மேலே இருந்தால், 100 மீட்டர் தொலைவில் உள்ள பட்டையிலிருந்து பார்க்க அந்த இடைவெளியின் கோணம் ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குதான். மீண்டு வரும் ஒளி கண்ணில் நன்றாக விழும். லாரியில் கண் இன்னும் உயரம், கோணம் பெரிது, அதே பட்டை மங்கலாகத் தெரியும். இந்தக் கோணத்துக்கு ‘நோக்குகோணம்’ என்று வைக்கலாம். கார்க்காரருக்குத் தெரிகிறோம் என்பதால் லாரிக்காரருக்கும் அதே அளவு தெரிகிறோம் என்று ஆகாது. இதைக் குறிப்பில் சேர்த்தே ஆக வேண்டும்.

ஒட்டும் விதம் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. ஹெல்மெட் உருண்டை, பட்டை நீளாது. அகலத் துண்டு மடிப்பு விழும், குறுகலாக வெட்டுங்கள். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக் ஓட்டின் வலுவைக் கெடுக்கும், வெளியே தெரியாது. வைசரில் ஒட்டாதீர்கள், ஐஎஸ்ஐ முத்திரையை மறைக்காதீர்கள். பிரான்சில் ஹெல்மெட்டின் முன், பின், இடம், வலம் என நாலு பக்கமும் இந்தப் பட்டை இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பிரெஞ்சு வாசனை இன்னும் போகாத எங்கள் ஊரில் அதை மட்டும் யாரும் இறக்குமதி செய்யவில்லை. கார்த்திகை மழை மனதில் இருக்கட்டும்: மணி வெளியே தெரியும் துணிவகைப் பட்டை நனைந்தால் மங்கும், மேலே படலம் போர்த்திய வகை தாங்கும். மணி உள்ளதை ‘மணிப்பட்டை’, மூலை உள்ளதை ‘பட்டகப் பட்டை’ எனலாம். பிரிசத்துக்கு முப்பட்டகம் என்ற சொல் ஏற்கெனவே பாடநூலில் இருப்பதால் புதிதாகத் தேட வேண்டாம்.

‘ஹெல்மெட்’ என்பதைத் ‘தலைக்கவசம்’ என்று மாற்றச் சொல்லிப் புலவர் ஐயா எழுதியிருந்தார். தலைப்பில் தலைக்கவசம், உள்ளே ஹெல்மெட் என்று இரண்டும் இருக்கட்டும் ஐயா. ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’ என்று போலீஸ் பலகையில் வந்த பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்ற நாம் தேவையில்லை. மீளொளிக்குத்தான் பலகை இல்லை. அதனால் முதல் இடத்தில் மட்டும் ‘மீளொளிப் பட்டை, கடையில் ரேடியம் என்பார்கள்’ என்று எழுதிவிட்டு, பிறகு மீளொளி என்றே போகலாம் என்பது என் எண்ணம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. பட்டை எவ்வளவு திறமாக ஒளியைத் திருப்புகிறது என்பதற்குச் சதுர மீட்டர் கணக்கில் ஓர் அளவு உண்டு. ‘மீளொளிக் கெழு’ என்று வைத்தால் பாடநூலுக்குச் சரி, ரேடியம் கடையில் யாருக்கும் புரியாது. ‘மீளொளித் திறன்’ புரியும், ஆனால் இயற்பியலில் திறன் என்பது ‘பவர்’ என்பதற்குப் பெயராகி விட்டது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து