ரயிலைப் பார்த்தான், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை: ஓட்டிசத்தை நீங்கள் முதலில் எதில் கண்டீர்கள்?

வெள்ளவத்தை அம்மா:
மகனுக்கு ஓட்டிசம் என்று உறுதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பேச்சு சிகிச்சை நடக்கிறது, பிள்ளையும் நன்றாக இருக்கிறான். ஆனால் ஒரு பின்னேரம் மட்டும் மனத்தை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

எங்கள் தொடர்மாடி காலி வீதிக்குக் கடல் பக்கம். பல்கனியில் நின்றால் ரயில் பாதை தெரியும். மச்சாள் தன் மகளோடு வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றரை வயதளவில், அவள் கொஞ்சம் இளையவள். ரயில் வந்ததும் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் விரலை நீட்டினாள், உடனே தாயின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி ரயில், மறுபடி முகம். மச்சாள் என்னோடு கதையில் இருந்ததால், மகள் தாயின் தாடையைப் பிடித்தே ரயில் பக்கம் திருப்பிவிட்டாள். என் மகனும் அதே ஆசையோடுதான் பார்த்தான், குதித்தான். கடைசிப் பெட்டி போகும்வரை சக்கரங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்திலேயே நின்ற என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

சிரிப்பான், மடியில் ஏறுவான், நேரத்துக்குத் தூங்குவான். குழப்படி இல்லாத பிள்ளை என்று ஊரெல்லாம் பெயர். உங்களுக்கு எதில் முதலில் தட்டுப்பட்டது?

தெமட்டகொட வாப்பா:
எனக்கு என் கையில். மகள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் வைப்பாள். திறக்க வேண்டுமாம். முகத்தைப் பார்க்க மாட்டாள், சத்தம் போட மாட்டாள். கை தானாகவே திறந்துவிடும் என்பது போல் காத்து நிற்பாள். "என்ன கெட்டிக்காரி" என்று உம்மா சிரிப்பார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்பதால் காதைச் சோதித்தோம். ஒரு குறையும் இல்லை. அடுத்த அறையில் பிஸ்கட் பக்கெட் பிரிகிற சத்தத்துக்கு ஓடி வருகிறவள்தானே. (இருந்தாலும் செவிப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.) முதலில் தனியார் மருத்துவமனையில் சனல் செய்து பார்த்த டொக்டர், "பெண் பிள்ளைகளுக்கு இது வருவதில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆண் பிள்ளைகளில் மூன்று, நான்கு மடங்கு கூடுதலாகக் கண்டறியப்படுகிறது என்பது உண்மைதான். அதனால் பெண் பிள்ளைக்கு வராது என்று ஆகிவிடுமா? அந்த வார்த்தை இன்றைக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

பம்பலப்பிட்டி மாமி:
இதையெல்லாம் படித்தால் இளம் தாய்மாருக்கு நித்திரை வராது. என் மூத்தவன் மூன்று வயது வரை வாய் திறக்கவில்லை. இப்போது மொறட்டுவையில் பொறியியல் படிக்கிறான். என் கதை அவ்வளவுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். சோறு ஊட்ட கைபேசி, அழுதால் கைபேசி. வீட்டில் தமிழ், வேலைக்கு வருகிற பெண்ணோடு சிங்களம், மொன்டிசோரியில் ஆங்கிலம். பிள்ளை எந்த மொழியைப் பிடிக்கும்? முதலில் ஒரு மொழியாகக் குறையுங்கள். கைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நாக்கில் வசம்பு தடவுங்கள், எங்கள் அம்மா அதைத்தான் செய்தார். தெகிவளை ஆஞ்சநேயர் கோயிலுக்கு ஒரு நேர்த்தி வையுங்கள். அடுத்தது ஊசி. எங்கள் காலத்தில் இத்தனை ஊசி இல்லை, இந்த நோயும் இல்லை. வெளிநாட்டில் ஒரு டொக்டரே எழுதியிருக்கிறார். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்ப்பதை ஏன் எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளை தன் நேரத்துக்குப் பேசும். பொறுமைதான் மருந்து.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
மாமி, கோபிக்காமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பேசாமல் இருந்த அந்த மூன்று வருடமும் உங்கள் மகன் எதையாவது உங்களுக்குக் காட்டுவானா?

பம்பலப்பிட்டி மாமி:
காட்டாமல்? பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டபோது என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். "ம்ம், ம்ம்" என்று விரலை நீட்டி, நான் பார்க்கிறேனா என்று என்னையே பார்த்துக்கொண்டு நிற்பான். வாய்தான் இல்லை, மற்றதெல்லாம் கூத்து.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
அதுதான் வித்தியாசம். உங்கள் பிள்ளை வார்த்தை இல்லாமலே உங்களோடு கதைத்திருக்கிறான். பிஸ்கட் வேண்டும் என்று விரல் நீட்டுவது வேறு, "பார், நாய்க்குட்டி" என்று நீட்டுவது வேறு. இரண்டாவது ஒன்றரை வயதாகியும் வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஒன்பது மாதத்தில் பெயருக்குத் திரும்பாதது, ஒரு வயதில் கை அசைத்து டாட்டா காட்டாதது எல்லாம் அதற்கும் முன்னாலேயே தெரிகிறவை. ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் எல்லோரும் பேச்சு வரும் வரும் என்று வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்று மொழியால் ஓட்டிசம் வராது, இருப்பது கூடவும் செய்யாது. ஒரு மொழியாகக் குறைத்தால் அந்தப் பிள்ளை அம்மம்மாவோடு பேசும் மொழியைத்தான் இழக்கும். கைபேசி விஷயத்தில் பாதி உங்கள் பக்கம்; ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லிவிட்டது. ஆனால் ஓட்டிசத்தைக் கொண்டுவந்தது கைபேசி என்று ஒரு தாயின் தலையில் கட்டாதீர்கள். ஊசிக்கதை 1998 இல் வந்த ஒரு கட்டுரை. வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்து 2019 இலும் தொடர்பு இல்லை என்றுதான் கண்டார்கள். வசம்பு வேண்டவே வேண்டாம்.

என் கதை வேறு. ஒரு தகப்பன் எங்கள் முன்பள்ளிக்குப் பெருமையாகக் கூட்டிவந்த பிள்ளை. இரண்டரை வயதில் ஆங்கில எழுத்துகள், நிறங்கள், கோள்கள் எல்லாம் அமெரிக்கக்காரனின் உச்சரிப்பிலேயே ஒப்பித்தது. வகுப்பே வாய் பிளந்தது. பத்து மணிக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர்ப் போத்தல் உயரத் தட்டில், நான் அதற்குக் கீழேயே இருக்கிறேன். பிள்ளை சுவரைப் பார்த்து அழுதுகொண்டே "ஜுப்பிட்டர், சற்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. தகப்பனுக்கு எப்படிச் சொல்வது என்று அன்று முழுக்க யோசித்தேன். சொன்னேன். அடுத்த மாதமே வேறு முன்பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

அம்மம்மா, கொழும்பு 13:
எங்கள் பேரன் பேசினான், பிறகு நிறுத்தினான். யன்னலில் காகம் வந்தால் "கா" என்பான். "பூ" என்பான். ஒன்றரை வயது கழிந்து ஒவ்வொன்றாகப் போய்விட்டது. ஒரு நாள் காகம் வந்து கத்துகிறது, நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவன் தன் விரல்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பயந்துவிட்டான், கண்ணூறு என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளில் வந்த பேச்சு இப்படிப் போவதுண்டு என்று பொரளை சிறுவர் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் விளங்கப்படுத்தினார். பழைய வீடியோ இருக்கிறதா என்றும் கேட்டார். மருமகனின் கைபேசியில் காலி முகத்திடலில் எடுத்தது இருந்தது. வீடியோக்களை அழிக்காதீர்கள் பிள்ளைகளே.

தெகிவளை நிலா:
எனக்கு மனத்தில் நிற்பது கிளினிக். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் 20 கேள்விப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு மிஸ் கேட்கிறார். 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கானது. "ஒன்றைக் காட்டுவதற்காக விரல் நீட்டுவாரா?" நான் வாய் திறப்பதற்குள் மாமியார், "எல்லாம் செய்வான் மிஸ்." "மற்றப் பிள்ளைகளைப் பார்த்தால் ஆர்வம் காட்டுவாரா?" "ஐயோ, நல்லாகக் காட்டுவான்." மிஸ் என் முகத்தைப் பார்க்கிறார், பேனை சரி சரி என்று போய்க்கொண்டிருக்கிறது. குடும்பத்துக்குப் பேர் கெட்டுவிடக் கூடாது என்ற பதற்றம் அவருக்கு. பிறகு நானே தனியாகப் போய் மறுபடி நிரப்பினேன். நம் நாட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் செய்து 2009 இல் வெளியான ஆய்வில், ஓட்டிசம் 93 பேருக்கு ஒருவர் என்று வந்தது. தாய்மார் நிரப்பும் பட்டியல் மட்டும் போதாது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஏன் போதாது என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தெமட்டகொட வாப்பா:
மொழி பற்றி ஆசிரியை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மகளுக்குக் கிடைத்த பேச்சு சிகிச்சையாளர் நல்ல மனுஷி, ஆனால் சிங்களம் மட்டும்தான். அவர் சொல்ல, நான் தமிழில் சொல்ல, மகள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்ப்பாள். தமிழில் செய்கிறவருக்காகக் காத்திருப்பதா, கிடைத்ததில் தொடங்குவதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். தொடங்கினோம். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த ஆயதி நிலையத்தையும் விசாரித்துப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி மாமி:
நேர்த்தி வைப்பதில் என்ன பிழை என்று யாரும் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
பிழையே இல்லை மாமி. கிளினிக்குக்குப் போய்விட்டு வருகிற வழியில் வையுங்கள்.

புதியவள்:
மகனுக்கு 19 மாதம். இதைப் படித்துவிட்டு இப்போதுதான் அலுமாரிக்கு மேலே இருந்த பந்தைச் சுட்டிக் காட்டிப் பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை, என் விரல் நுனியைப் பார்க்கிறான். பெயருக்குச் சில நேரம் திரும்புகிறான். கணவர் தானும் பிந்தித்தான் பேசியதாகச் சொல்கிறார். வரும் வாரம் கிளினிக் இருக்கிறது. என்ன கொண்டுபோக வேண்டும்?

தெகிவளை நிலா:
பிள்ளை வளர்ச்சிப் பதிவேடு, விளையாடும்போது எடுத்த இரண்டு மூன்று வீடியோ. "பொறுத்துப் பார்ப்போம்" என்றால், எப்போது வரை என்று திகதி கேளுங்கள், சிறுவர் வைத்திய நிபுணருக்குக் கடிதமும் கேளுங்கள். ஓட்டிசமா இல்லையா என்று முடிவாகும் வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. மாமியாரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.